டவுனில் பழைய வீட்டு ஹோட்டல்: அறை எண்ணைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: சென்னையிலிருந்து நான்கு பேர் நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேருக்குத் திருநெல்வேலி வருகிறீர்கள், மூன்று ராத்திரி தங்க வேண்டும். கோயிலைச் சுற்றிய பழைய பகுதியான டவுனில் நூறு வருஷத்துக்கு மேல் பழைய வீடொன்றைப் புதுப்பித்து நடத்தும் சிறிய ஹோட்டலில் அறைக்கு 6,500 ரூபாய் சொல்கிறார்கள். ரயில் நிலையம் இருக்கும் ஜங்ஷன் பக்கம் லிஃப்ட் வைத்த சாதாரண லாட்ஜில் 1,800. அப்பாவுக்கு 74 வயது, மூட்டு வலி. போட்டோக்களைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது, பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. அந்த வீட்டை நிஜமாகவே செப்பனிட்டிருக்கிறார்களா, இல்லை பெயிண்ட் அடித்து மஞ்சள் விளக்குப் போட்டிருக்கிறார்களா என்பது ஒன்று. நன்றாகவே செப்பனிட்டிருந்தாலும், உங்கள் அப்பா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்ரூம் போய்ப் பத்திரமாகத் திரும்ப முடியுமா என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சென்னையில் இருந்துகொண்டே, ஒரு போன் பேசித் தெரிந்துகொள்ளலாம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டவுன் வீடுகளின் அமைப்பு தெரிந்தால் சிக்கல் எங்கே வரும் என்பது புரிந்துவிடும். தெருவில் அகலம் குறைவு, பின்னால் நீளம் அதிகம். திண்ணை, நடை, தார்சா என்ற முன்கூடம், முற்றம், பட்டாசல் என்ற பெரிய கூடம், அடுக்களை, கடைசியில் புறவாசலும் கிணறும். குளியல் கிணற்றடியில், கக்கூஸ் புறவாசலின் கோடியில். வீட்டுக்குள் தண்ணீர் புழங்கிய இடம் அடுக்களையும் பாத்திரம் கழுவும் அங்கணமும் மட்டும்தான். ஆகவே இன்று அறைக்கு அறை இருக்கும் பாத்ரூம் எல்லாமே பின்னால் நுழைத்தவை. புதுக் கட்டடத்தில் பாத்ரூம் தளத்தைத் தாழ்த்திப் போட்டுக் குழாய்களை அடியில் புதைத்துவிடுவார்கள். பழைய தளத்தை அப்படி வெட்ட முடியாது, மாடியில் கேட்கவே வேண்டாம். அதனால் குழாயைத் தரைக்கு மேலே ஓட்டி, அதை மூடி தளத்தை ஆறிலிருந்து ஒன்பது அங்குலம் வரை உயர்த்துவதுதான் நடைமுறை. விளைவு, பாத்ரூமுக்குள் போக ஒரு படி ஏற வேண்டும், வரும்போது ஈரக் காலோடு இறங்க வேண்டும். போதாததற்குப் பழைய நிலைகளுக்குக் கீழே நாலைந்து அங்குல உயரத்தில் நிலைப்படி வேறு இருக்கும். சில உள்வாசல்களில் மேல் நிலையும் தாழ்ந்திருக்கும், குனிந்துதான் போக வேண்டும். காலைப் பார்த்து நடந்தால் தலை இடிக்கும், தலையைப் பார்த்தால் கால் தடுக்கும்.

மச்சுக்கு, அதாவது மாடிக்கு, ஏறும் படிகள் இன்னும் மோசம். இன்று வீடு கட்டும்போது படியின் உயரத்தை ஆறிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் வைக்கிறோம். பழைய மரப்படியும் கல்படியும் ஒன்பது, பத்து அங்குலம் ஏறும். கால் வைக்கும் அகலமோ எட்டு, ஒன்பதுதான். பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் கயிறு. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குச் சோதனை. உங்கள் அப்பாவுக்கு மாடி அறை என்ற பேச்சே வேண்டாம், அது எவ்வளவு அழகான மாடியாக இருந்தாலும் சரி.

போனில் “சார், வயசானவங்களுக்குச் சௌகரியமா இருக்குமா” என்று கேட்டால் “தாராளமா வாங்க சார்” என்றுதான் பதில் வரும். அதைக் கேட்காதீர்கள். அறை எண்ணைக் கேளுங்கள். பிறகு அந்த அறையின் பாத்ரூம் வாசலில் அளவு டேப்பை நிறுத்திவைத்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். படி எத்தனை அங்குலம் என்பது டேப்பில் தெரிந்துவிடும். ஆறு அங்குலத்துக்குள் இருந்து, பக்கத்துச் சுவரில் பிடிகம்பியும் இருந்தால் சமாளிக்கலாம். ஒன்பது என்றால் நடுவில் வைக்க ஒரு பலகைப் படி உண்டா என்று கேளுங்கள். ஆடாமல் இருக்க அதன் நான்கு காலிலும் ரப்பர் இருக்க வேண்டும். அதே போனில் இன்னும் இரண்டு போட்டோ கேட்டு வாங்குங்கள்: கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஒன்று, பாத்ரூமை ஒட்டிய மூலையில் மேற்கூரை ஒன்று. இந்த இரண்டும் உங்கள் முதல் கேள்விக்கான ஆதாரம். அனுப்பத் தயங்கும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

எந்த அறை என்று என்னைக் கேட்டால், தரைத்தளத்தில் புறவாசலை ஒட்டிய அறை. போட்டோவில் அது எடுபடாது, தூணும் முற்றமும் தெரியாது, அதனால் வாடகையும் சில இடங்களில் குறைவு. ஆனால் அங்கே பாத்ரூமைப் பழைய சுவருக்கு வெளியே, புதிதாக அஸ்திவாரம் போட்டுக் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் தளம் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வரும், கழிவுக் குழாய்க்குச் சரியான வாட்டம் கிடைத்திருக்கும், பழைய சுவருக்கும் பாதகமில்லை. நடுவில் முற்றத்தைப் பார்த்த அறைகள் குளிர்ச்சி, ஆனால் முற்றம் ஒரு கூடு மாதிரி. எதிர் அறையில் ஸ்பூன் விழுந்தால் இங்கே கேட்கும். தெருவைப் பார்த்த அறையில் வெளிச்சம் உண்டு, விடிவதற்கு முன்பே சத்தமும் உண்டு.

இனி முதல் கேள்வி. பழைய கட்டடத்தைப் பார்க்கப் பழகியவர்கள் தூணையோ கதவுச் சித்திரத்தையோ முதலில் பார்ப்பதில்லை, தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் பார்ப்பார்கள். மழைத் தண்ணீர், பாத்ரூம் தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் என நான்கு தண்ணீருக்கும் வழி சொல்லியிருந்தால் அந்த வீட்டை யோசித்துச் செப்பனிட்டிருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் கட்டிலின் தலைமாட்டில் பார்க்கச் சொன்னேன். அந்தக் காலத்துச் சுவர்களுக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. ஒன்றரை அடி, இரண்டு அடிக் கனத்துச் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் விளக்குத்திரி எண்ணெய் இழுப்பது போல மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் பூச்சின் வழியாகவே ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது, யாரும் கவனித்ததுகூட இல்லை. அந்தப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, மேலே பளபள எமல்ஷன் அடித்தால் ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. பூச்சுக்குப் பின்னாலேயே இன்னும் மேலே ஏறும். மூன்று நான்கு அடி உயரத்தில் பெயிண்ட் கொப்பளிக்கும். அதை நகத்தால் தட்டினால் உடைந்து, உள்ளே பஞ்சு போல வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். கீழே தரையோரம் மாவு உதிர்ந்து கிடக்கும். அறைக்குள் நுழைந்ததும் வரும் அந்தப் பூசண வாடையை ஊதுபத்தியோ ஸ்ப்ரேயோ வைத்து மறைத்திருப்பார்கள். சுவரின் அடிப்பகுதிக்கு மட்டும் மரப்பலகையோ டைல்ஸோ ஒட்டி “டிசைன்” என்று சொன்னாலும் சந்தேகப்படுங்கள். பல இடங்களில் அது உப்பை மறைக்கப் போட்ட முக்காடு.

சரியான வேலை ஏன் அரிது என்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டுமல்ல, நாள்கணக்கு. சுண்ணாம்பை நீற்றி, சலித்து, தண்ணீருக்கடியில் குறைந்தது இரண்டு வாரமாவது ஊறப்போட வேண்டும். நாள் ஏற ஏற நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு மணல், இடத்தைப் பொறுத்துச் செங்கல் தூள், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்துக் காரை எடுக்க வேண்டும். அதை ஒரே பூச்சாகப் பூச முடியாது. ஒரு கை பூசி, அது இறுகிய பிறகு அடுத்த கை. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் அது கல்லாகிறது, அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வெயிலில் வெடிக்காமல் ஈரச் சாக்கு கட்டிக் காக்க வேண்டும். சிமெண்ட் மறுநாளே கையில் ஒட்டாது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்ட முதலாளியும் அடுத்த வேலைக்குப் போக வேண்டிய கொத்தனாரும் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? அதனால் “இது சுண்ணாம்புப் பூச்சா, சிமெண்டா” என்று நேராகவே கேளுங்கள். சுண்ணாம்பு வேலை செய்தவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார், கால்மணி நேரம் பேசுவார். மற்றவர் “எல்லாம் ஒரிஜினல் சார்” என்பார்.

மேற்கூரைப் போட்டோ எதற்கு என்றால், இந்தப் பக்கத்து மச்சுகளில் உத்திரத்துக்கு மேல் மரச்சட்டமோ பனைமரச் சட்டமான பனங்கையோ நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் மெல்லிய செங்கலைச் சுண்ணாம்பில் குத்துவாக்கில் பதித்து, மேலே செங்கல் ஜல்லிக் காரை போட்டு இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று எஞ்சினியர்கள் சொல்வது இதைத்தான். வைரம் பாய்ந்த பனங்கையைக் கரையான் எளிதில் தொடாது, நூறு வருஷம் தாங்கும். ஆனால் சட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரம் நின்றால் அதற்கும் கதி அதேதான், முனை இற்றுவிடும். மேலே பாத்ரூம் நுழைத்திருக்கும் வீட்டில் கீழ் அறையின் கூரை மூலையில் பழுப்பு வளையம் தெரிந்தால், அந்த மூலைக்கு நேர் மேலே தண்ணீர் கசிகிறது. வளையத்தின் ஓரம் கருத்து, நடு வெளிறி இருந்தால் பழைய கறை. நடுவே கருத்து ஈரமாக இருந்தால் இன்றைய கசிவு, அந்த அறை வேண்டாம். கூரையையே மறைத்துச் சமமாக ஜிப்சம் பலகை அடித்திருந்தால் எதுவும் தெரியாது. பழைய கூரையைக் காட்டத்தானே இந்த வாடகை, அதை ஏன் மூடினார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போட்டோவிலும் போனிலும் உறுதியாகத் தெரிவது இவ்வளவுதான்: படியின் உயரம், உப்பு, கறை, அறையின் இடம். உத்திரம் இன்னும் எவ்வளவு எடை தாங்கும், வயரிங் முழுக்கப் புதிதா, எர்த் சரியாக இருக்கிறதா என்பதைத் தங்க வருபவர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மரத்தைத் தட்டியும் துளைத்தும் பார்க்க வேண்டும், எர்த்துக்கு மீட்டர் வைக்க வேண்டும். ஒரு சின்ன அடையாளம் மட்டும் உதவும். மெயின் போர்டில் எர்த் கசிவைப் பிடிக்கும் பிரேக்கர் இருந்தால் அதில் “டி” என்று எழுதிய சிறிய சோதனைப் பொத்தான் இருக்கும். ஹீட்டர் வைத்த பாத்ரூமுக்கு அது இல்லாமல் இருக்கக் கூடாது. வரவேற்பில் கேட்டால் காட்டுவார்கள்.

“ஹெரிடேஜ்” என்ற சொல்லைப் பற்றி இரண்டு வரி. மத்திய சுற்றுலா அமைச்சகம் ஹெரிடேஜ் ஹோட்டல் என்று வகைப்படுத்த 1950-க்கு முன் கட்டிய கட்டடமாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சான்றுக்கு விண்ணப்பிப்பது உரிமையாளர் விருப்பம், கட்டாயமில்லை. போர்டில் எழுதிக்கொள்ள யாருக்கும் தடையில்லை. “பொட்டிக்” என்பதற்கு அந்த அளவுக்கும் இலக்கணம் கிடையாது, அறை குறைவு, வாடகை அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். நெல்லை வீட்டில் ஆத்தங்குடித் தரை மின்னினால் அது பெரும்பாலும் புதிதாகச் செட்டிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. இங்கத்திய பழைய தரைகள் சிவப்பு ஆக்சைடு, கல் பாவியது, அல்லது காரைத் தரை. தூணும் கதவும்கூடக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் வாங்கிப் பொருத்தியவையாக இருக்கலாம். தூணின் அடிக்கல்லும் மேலே உத்திரம் தாங்கும் போதிகையும் ஒன்றோடொன்று பொருந்தாமல், ஒட்டுப் போட்டு உயரம் சரிசெய்திருந்தால் அது வேறு வீட்டுத் தூண். இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அலங்காரத்துக்கும் செப்பனிடலுக்கும் ஒரே விலை தர வேண்டியதில்லை. இன்னொன்று, சிவப்பு ஆக்சைடோ ஆத்தங்குடியோ, தேய்ந்து மெருகேறிய தரை ஈரம் பட்டால் வழுக்கும். அப்பாவுக்கு ரப்பர் அடிச் செருப்பு ஒன்று வீட்டுக்குள் போட்டுக்கொள்ளத் தனியாகக் கொண்டுவாருங்கள்.

ஆனியில் இங்கே மழை கணக்கில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்குக் காற்று அடிக்கும், குற்றாலத்தில் சாரல் விழும், நம்மூரில் மேகமும் புழுதியும்தான். நெல்லுக்கு வேலி கட்டி மழையைத் தடுத்த சாமியின் ஊர் என்பதை அந்த மாதத்தில் நம்பலாம். ஆகவே கூரை ஒழுகுமா என்ற கவலை இந்தப் பயணத்துக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வருவதாக இருந்தால் கேள்வியே வேறு. முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் குழாய் எத்தனை அங்குலம், தெரு மட்டத்தைவிட முற்றம் தாழ்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். ரோட்டை வருஷாவருஷம் உயர்த்திக்கொண்டே வந்ததில் பல பழைய வீடுகளின் முற்றம் இன்று தெருவுக்குக் கீழே இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பக்கமும் கொக்கிரகுளமும் தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒருமுறை ஊறிய சுவர் காய்வதற்கு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கைக்கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் ஒன்பது மாதம். உப்பு அதற்கப்புறமும் பல வருஷம் பூக்கும். ஆற்றோரத்துப் பழைய கட்டடம் எதுவானாலும் அந்த வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

வெக்கையைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை உண்டு: பழைய வீடு என்றால் குளுகுளு என்று இருக்கும் என்பார்கள். தரைத்தளத்துக்கு அது சரி. கனத்த சுவர் பகல் வெயிலை உள்ளே விடாது. ஆனால் விழுங்கிய சூட்டை அது பல மணி நேரம் கழித்து உள்பக்கம் கக்கும். மொட்டை மாடியான மட்டப்பாவுக்கு நேர் கீழே உள்ள மச்சு அறை சாயங்காலம் பரவாயில்லை என்று தோன்றி, ராத்திரி பத்து மணிக்கு அடுப்பு மாதிரி ஆகும். இப்படிப்பட்ட அறையில் ஏசி போட்டதும் காற்று குளிரும், சுவர் குளிராது. நீங்கள் வந்து சேர்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஏசியைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டுக்குப் பதினாலு அறை, கூரை பதினோரு அடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 1,850 கன அடி. சாதாரண லாட்ஜ் அறையின் ஒன்றரை மடங்குக்கும் மேல். அதற்கு ஒரு டன் ஏசி மூச்சுத் திணறும், ஒன்றரை டன்னாவது வேண்டும். பதினெட்டில் வைக்காமல் இருபத்தாறில் வைத்து ஃபேனையும் ஓட விடுங்கள். ரொம்பக் குளிர வைத்தால் சுவரில் வியர்வை கோத்து, முன்பு சொன்ன பூசண வாடை கிளம்பும். கரண்ட் போனால் ஏசி ஓடுமா என்றும் கேளுங்கள். சந்துக்குள் ஜெனரேட்டர் வைக்க இடமில்லாத வீடுகளில் இன்வர்ட்டர் மட்டும்தான், அது ஃபேனுக்கும் லைட்டுக்கும் சரி. வைஃபை இரண்டு அடிச் சுவரைத் தாண்டாது. ஆபீஸ் வேலை இருந்தால் அறைக்குள்ளேயே ரவுட்டர் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர் அன்றைக்கு என்ன ஆகும் என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் முடிவு அதில்தான் இருக்கிறது. ஆனித் திருவிழாவில் ஒன்பதாம் நாள் தேர். அன்று நான்கு ரத வீதிகளிலும் வண்டி போக முடியாது, அவற்றோடு சேரும் சந்துகளும் அடைபடும். ஹோட்டல் ரத வீதிக்குள் இருந்தால் தேர் வாசலிலேயே வரும், அதைவிடப் பெரிய வசதி கிடையாது. அதே சமயம் அப்பாவுக்கு ஏதாவது அவசரம் என்றால் ஆட்டோவும் வராது. தேர் நகரும் நேரத்தில் அந்தந்தத் தெருவில் மின்சாரத்தை நிறுத்துவது கோயில் ஊர்களில் வழக்கம், ஏசி அப்போது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மாலைக்குள் வந்து சேர்ந்து, தேர் நாள் முழுக்க வெளியே கிளம்பும் வேலை வைக்காமல் இருந்தால் டவுன் வீடு சொர்க்கம். காலையில் ஜங்ஷனில் ரயில் இறங்கி மூன்று கிலோமீட்டருக்குள்தானே, நேராகப் போய்விடலாம் என்று நினைத்தால் பெட்டியோடு கூட்டத்தில் நிற்பீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தெருவைப் பார்த்த மச்சுத் தாழ்வாரத்தில் நின்று தேர் பார்க்கச் சில வீடுகளில் கூடுதல் காசு வாங்குவார்கள். மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள தாழ்வாரத்தில் பதினைந்து பேர் நெருக்கி நின்றால் ஆயிரம் கிலோ. புதிதாகக் கட்டும் பால்கனிக்கே சதுர மீட்டருக்கு முந்நூறு கிலோ அளவில்தான் கணக்குப் போடுவார்கள். நூறு வருஷத்து மரச்சட்டம் சுவரிலிருந்து நீட்டி நிற்கும் தாழ்வாரத்துக்கு யாரும் அந்தக் கணக்கே போட்டதில்லை. தேர் திரும்பும்போது எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள். ஐந்தாறு பேருக்கு மேல் ஏறினால் நீங்கள் இறங்கித் தெருவிலிருந்தே பாருங்கள்.

தீயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மரக்கூரை, ஒற்றைப் படி, பக்கவாட்டில் பொதுச்சுவர், முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல், இதுதான் டவுன் வீடு. புறவாசல் கதவை ராத்திரி பூட்டினால் சாவி எங்கே தொங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜன்னல் கம்பிகள் சுவரோடு பதிந்தவை, அதன் வழியாக வெளியேற முடியாது. தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா என்று ஒரு பார்வை. வராந்தாவில் எண்ணெய் விளக்கு வரிசையாக வைத்து அழகு பார்க்கும் இடமாக இருந்தால், தூங்கும் முன் அணைக்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

சின்னச் சங்கடங்களுக்குச் சின்ன வைத்தியம் இருக்கிறது. பாத்ரூமில் சாக்கடை நாற்றம் அடித்தால் உடனே சண்டைக்குப் போகாமல் தரைச் சல்லடையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் பாருங்கள். அடியிலுள்ள வளைவில் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்பதுதான் நாற்றத்துக்குத் தடை. அறை நாள்கணக்கில் காலியாக இருந்தால் அது வற்றிப்போகும். ஊற்றியும் நிற்கவில்லை என்றால் குழாய் வேலையே தவறு, அறையை மாற்றச் சொல்லலாம். பதினைந்து லிட்டர் கீசர் அறுபது டிகிரியில் சுட்டால், ஆனி மாதத் தண்ணீரோடு கலந்து நாற்பது லிட்டர் அளவுக்கு இளஞ்சூடு கிடைக்கும். அதாவது இரண்டு வாளி. நாலு பேர் ஒரே காலையில் குளிப்பதென்றால் இடைவெளி விட்டுக் குளிக்க வேண்டும். நாற்காலிக் காலடியிலோ நிலையடியிலோ மாவு போல மரத்தூள் குவிந்திருந்தால் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். திரும்பவும் விழுந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. உங்களுக்கு ஆபத்தில்லை, அந்த நாற்காலியில் மட்டும் உட்கார வேண்டாம். முற்றத்தில் தாமரைத் தொட்டி வைத்திருந்தால் கொசு நிச்சயம், மீன் விட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள். பல்லியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பணக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை 7,500 வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. உங்கள் 6,500 அறை 6,825 ஆகும். தேர் நாளுக்கென்று விலையை ஏற்றி 7,500 சொன்னால் 7,875 கட்டுவீர்கள். 7,600 சொன்னால் 8,968. நூறு ரூபாய் ஏற்றத்தில் கையைவிட்டுப் போவது 1,093. இந்த எல்லையருகே விலை பேசினால் இறக்கித்தான் பேச வேண்டும். 1,800 லாட்ஜ் வரியோடு 1,890. மூன்று ராத்திரிக்கு வித்தியாசம் அறைக்கு 14,805 ரூபாய், இரண்டு அறை என்றால் முப்பதாயிரத்தைத் தொடும். காலைச் சாப்பாடு சேர்த்தியா என்பதைவிட, அடுக்களை அந்த வீட்டிலேயே ஓடுகிறதா என்று கேளுங்கள். உள்ளூர்க் கையால் ஒரு நாள் சொதியும் இஞ்சித் துவையலும் போட முடியுமென்றால் அந்தக் காசில் கொஞ்சம் நியாயம் உண்டு. வெளியிலிருந்து பார்சல் வாங்கித் தட்டில் வைப்பதென்றால் அதை நீங்களே வாங்கிக்கொள்ளலாம்.

என் யோசனை இது. தரைத்தளத்துப் பின்னறை, பாத்ரூம் படி ஆறு அங்குலத்துக்குள், தலைமாட்டுச் சுவர் சுத்தம், இந்த மூன்றும் போட்டோவில் உறுதியானால் தேருக்கு முந்தின நாளும் தேர் நாளும் டவுன் வீட்டில் தங்குங்கள், மூன்றாம் ராத்திரி ஜங்ஷனுக்கு மாறிவிடுங்கள். மறுநாள் ரயிலுக்கும் அது தோது, அப்பாவுக்கு லிஃப்டும் கிடைக்கும். மூன்றில் ஒன்று தவறினாலும் மூன்று ராத்திரியும் ஜங்ஷன்தான். டவுன் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் காபி குடிக்கப் போய் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், பல இடங்களில் அனுமதிப்பார்கள். பதிவு செய்யும்போது அறை எண்ணை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், “அதே மாதிரி அறை” என்ற வார்த்தைக்குப் பழைய வீட்டில் பொருளில்லை, இரண்டு அறை ஒன்றுபோல அங்கே இருக்காது. வந்து இறங்கியதும் பாத்ரூம் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி அது சல்லடையை நோக்கி ஓடுகிறதா, வாசலை நோக்கி வருகிறதா என்று பாருங்கள். வாசலுக்கு வந்தால் பெட்டியைத் திறக்காமலேயே வேறு அறை கேளுங்கள், துணிமணிகளை விரித்துப் போட்ட பிறகு கேட்டால் தேர் நாளில் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.